கெட்டால்தான் பிடிபடும்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இதே பள்ளியில் ஆறாண்டு படித்தவன் நான். இன்று கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். போன மாதம் ஒரு தாயார் வந்து, "ஐயா, பையன் ராத்திரி பூரா கம்ப்யூட்டரோட ஒக்காந்திருக்கான். விடிஞ்சு பார்த்தா அது அசையாம நிக்குது. கெடுத்து வைக்கத்தான் காலேஜுக்கு அனுப்பினோமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கணினிக்குள் இயங்குதளம் என்று ஒன்று உண்டு. என் அப்பா பால் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர் நின்று யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார். கணினியில் ஓடும் பல வேலைகளுக்கு முறை வைத்து, நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுக்கும் மண்டோர்தான் இயங்குதளம்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவன் மனப்பாடம் செய்துவிடுவான். புரியாது. இரண்டு பேருக்கு ஒரே உளி, ஒரே சாணைக்கல் என்று வையுங்கள். ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் காத்திருக்கிறார். மற்றவர் கல்லைப் பிடித்துக்கொண்டு உளிக்குக் காத்திருக்கிறார். இருவரும் விடுவதாக இல்லை. பொழுது ஏறிவிடும், பால் இறங்காது! புத்தகத்தில் இது நாலே வரி. தான் எழுதிய நிரல் நடுராத்திரியில் இப்படி உறைந்து நிற்கும்போதுதான் மண்டையில் ஏறும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். மூன்று நாள் தேடினான். யாராக இருந்தாலும் முதலில் உளி, பிறகு கல் என்று வரிசை வைத்தான். ஓடியது.

வீட்டுக் கணினி கெட்டுப்போகுமோ என்று பயப்படாதீர்கள். அதற்குள்ளேயே ஒரு பொம்மைக் கணினியை அமைத்து, அதில்தான் ஓட்டுகிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த வழியல்ல. சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரலை அச்சிட்டு, விளக்கமும் எழுதி மாணவர் கையில் கொடுத்தார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்திலோ, அதை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று தடை வந்தது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்காகவே மினிக்ஸ் என்று சொந்தமாக எழுதி 1987இல் புத்தகத்தோடு வெளியிட்டார். அதைப் படித்த பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், தம் 21ஆம் வயதில், லினக்ஸை எழுதினார். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி இருந்தால், அதற்குள் ஓடுவது அதுதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் காசு கொடுத்து வேறு ஆளிடம் நிரலை எழுதி வாங்கிப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். அடுத்தவன் வெட்டிய பாலைத் தன் கணக்கில் எடை போடுகிற வேலை அது. அதனால் நான் முதலில் பார்ப்பது பிள்ளையின் பிழைக் குறிப்பேட்டை. என்ன கெட்டது, எப்படித் தேடினான் என்று அதில் இருக்க வேண்டும்.

ஆறாம் ஆண்டுச் செல்வங்களே, கணினி இல்லாவிட்டாலும் ஒரு பென்சில், ஒரு அழிப்பான், இரண்டு நண்பர்கள் போதும். நாளைக்கே விளையாடிப் பாருங்கள். மூன்றாவது ஆள் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை.

அடுத்த திட்டம் இதைவிடக் கடினம் என்று அந்தத் தாயாரிடம் நான் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிங்கையா, அப்ப ராத்திரிக்கு அவனுக்கு வரக்கோப்பி போட்டு வச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.