இரண்டு கடை ஒன்றானால் நமக்கென்ன?

(கீரமங்கலம் கடைத்தெருவில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேசப்போவது கோயிலைப் பற்றியுமல்ல, புராணத்தைப் பற்றியுமல்ல. கோழி வறுவலைப் பற்றி. இதற்கா மேடை போட்டார்கள் என்று பின்னால் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நன்றாய்ச் சிரிக்கட்டும். ஆனால் போகும்போது யோசித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

2026-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி தேவயானி இன்டர்நேஷனல் என்கின்ற கம்பெனியும், சபையர் புட்ஸ் என்கின்ற கம்பெனியும் ஒன்றாய்ச் சேரப்போவதாக அறிக்கை விட்டன. இந்தியாவில் கே.எப்.சி. கோழிக்கடைகளையும் பீட்சா ஹட் கடைகளையும் நடத்துகின்ற பெரிய கம்பெனிகள் இந்த இரண்டுந்தான். சபையர் பங்கு 100 வைத்திருக்கிறவருக்கு தேவயானி பங்கு 177 கொடுப்பது என்று பேச்சு. வெளிநாட்டுக் கடைகளையும் சேர்த்தால் மொத்தம் 3,000 கடைக்கு மேல். போட்டி ஆணையம், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் முதலியவைகளின் சம்மதம் வேண்டும் என்பதையும் அப்போதே சொன்னார்கள்.

இதைக் கேட்டு ஜனங்கள் என்ன சொன்னார்கள்? பங்குச் சந்தைக்காரர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் போட்டன. டீக்கடையில் பேசியதை யாரும் போடவில்லை. ஆகையால் நான் சொல்லுகிறேன். ஒருவர், "வெள்ளைக்காரன் நம்மவன் கடையை விழுங்கிவிட்டான்" என்றார். இன்னொருவர், "தேவயானி என்றால் அந்த நடிகையா?" என்று கேட்டார். (சிரிப்பு) நடிகையுமல்ல, சுக்கிராச்சாரி மகளுமல்ல. முதலாளி தன் மகள் பேரை வைத்தார். மூன்றாமவர் நெற்றி நிறைய பூசியிருந்தார். அவருக்கு இருந்த ஒரே கவலை, இனிமேல் பன்னீரும் கோழியும் ஒரே அடுப்பில் வேகுமோ என்பதுதான்!

தோழர்களே! இந்த மூன்று பேரில் ஒருவராவது தன் பையைப் பற்றிக் கேட்டாரா? தன் மகன் கூலியைப் பற்றிக் கேட்டாரா? இல்லை. ஒருவருக்கு தேசம், ஒருவருக்குப் பேர், ஒருவருக்கு தீட்டு. நம் ஜனங்களை இந்த மூன்றிலேயே பழக்கி வைத்திருக்கிறார்கள்.

முதல் ஆசாமிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் விழுங்கியவனும் இந்நாட்டுக் கம்பெனி, விழுங்கப்படுகிறவனும் இந்நாட்டுக் கம்பெனி. பேருக்குச் சொந்தக்காரன்தான் அமெரிக்காவிலிருக்கும் யம் கம்பெனி. இவர்கள் அவன் பேரை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். வாடகை எப்படியென்றால், லாபத்தில் பங்கல்ல, விற்பனையில் பங்கு! அதாவது, உழுத கூலி, விதை, எருவெல்லாம் கழித்த பிறகு அல்ல. களத்திலே நெல் குவிந்தவுடன் முதல் மரக்காலை அளந்து வாங்குகிற மேல்வாரம் மாதிரி. இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் இனாம் நிலத்தில் உழுத குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2025-ல் இரண்டு கம்பெனிகளும் நஷ்டக் கணக்குக் காட்டிய காலாண்டு உண்டு. நஷ்டப்பட்டாலும் மேல்வாரக்காரனுக்கு அளந்தாக வேண்டும். இரண்டு குத்தகைக்காரர்கள் ஒன்றாய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கடையின் வாசலில் ஒரு கிழவர் படம் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். சாண்டர்ஸ் என்று பேர். அவர் 1964-லேயே கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். 1980-ல் செத்தும் போனார். அந்தக் கம்பெனி பல கை மாறி, 1986-ல் பெப்சிக்காரனிடம் போய், 1997-ல் அங்கிருந்தும் பிரிந்துவிட்டது. படம் மாத்திரம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. உண்டியல் யாரிடம் போகிறது என்று கேட்காமல் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்லவே.

நிற்க, ஜனங்கள் எப்போதும் இப்படிச் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. 1995-ல் பெங்களூரில் முதல் கே.எப்.சி. கடை திறந்தபோது கர்நாடக விவசாயிகள் சங்கம் நஞ்சுண்டசாமி தலைமையில் எதிர்த்தது. 1996 ஜனவரியில் கடைக்குள் புகுந்து சாமான்களை உடைத்தார்கள். கண்ணாடியை உடைப்பதால் என்ன பிரயோஜனம் என்றால், ஒன்றுமில்லை. மறுநாள் புதுக் கண்ணாடி வருகிறது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி விவசாயியின் கேள்வி. தானியம் மனுஷன் வயிற்றுக்கா, கோழித் தீவனத்துக்கா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, கேள்வியாவது இருந்தது.

அப்போதே சிலர், "அந்நிய ஆகாரம், நம் பண்பாடு கெட்டுவிடும்" என்றும் கூச்சல் போட்டார்கள். இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். நம் குழம்பில் போடும் மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. எது தின்னலாம், எது தின்னக்கூடாது என்று இன்னொருவன் சட்டம் போட்டதால்தானே இத்தனை நாள் கெட்டோம்! தென்னிந்திய ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்றிருந்தது 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல் ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை அழிக்கப் போராடி ஜெயிலுக்குப் போனவர்கள் அநேகம் பேர். அங்கே பலகைதான் குற்றம். ஆகையால் பலகையை அழித்தோம். இங்கே சங்கதி நேர்மாறானது. பலகை மாறாது, கிழவர் படம் மாறாது, பொட்டலம் மாறாது. பின்னால் கணக்கெழுதுகிற கை மாத்திரம் மாறும். ஆகையால் பலகையைப் பார்த்துச் சண்டை போடுகிறவனுக்கு இங்கே வேலையில்லை. கணக்கைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும்.

கணக்கு என்ன? சேர்ந்து நடத்த ஆரம்பித்து இரண்டாவது முழு வருஷத்திலிருந்து, வருஷம் ஒன்றுக்கு 210 கோடி முதல் 225 கோடி ரூபாய் வரை ஆதாயம் வரும் என்று அவர்களே எதிர்பார்த்துச் சொன்னார்கள். தோழர்களே! இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆகாயத்திலிருந்து கொட்டுமா? இரண்டு ஆபீஸ் ஒன்றானால் குமாஸ்தா குறைவார். அது ஒரு வழி. இரண்டு கிடங்கு ஒன்றானால் லாரியும் லாரிக்காரரும் குறைவார்கள். அது ஒரு வழி. இரண்டு பேர் தனித்தனியாய்க் கோழி வாங்கியபோது, ஒருவன் விலை கட்டவில்லை என்றால் மற்றவனிடம் போகலாம். ஒருவனே வாங்கினால் அவன் சொன்னதுதான் விலை. தின்பவனுக்கு விலையை ஏற்றுவதும் ஒரு வழி. உண்மையாகவே வீண் செலவு குறைந்து வருகிற பணமும் இதில் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு அதுவென்று பிரித்துக் காட்டட்டும் என்கிறேன்.

வெளிதேசத்தில் இது எப்படி நடந்தது என்பதையும் சொல்லுகிறேன். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்கர் கிங்கும் கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் காப்பிக்கடையும் சேர்வதாக அறிவித்தன. தலைமை ஆபீஸ் கனடாவில் என்றார்கள். உடனே அமெரிக்க ஜனங்கள், "வரி கொடுக்காமல் தப்பவா ஓடுகிறாய்?" என்று கொதித்தார்கள். ஒகையோ மாகாணத்து செனட்டர் ஷெராட் பிரவுன், அவன் கடையில் தின்னாதீர்கள், வேறு கடையில் தின்னுங்கள் என்று பகிரங்கமாய்ச் சொன்னார். கனடாக்காரர்களுக்கோ தங்கள் காப்பியும் வேலையும் என்னாகுமோ என்ற கவலை. ஜனங்கள் கேட்டதால் கனடா சர்க்கார் 2014 டிசம்பரில் சும்மா சம்மதிக்கவில்லை. கடைகளில் உள்ள வேலைகளைக் குறைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தது. ஆனால் முதலாளி புத்தியைப் பாருங்கள். அடுத்த மாதமே, 2015 ஜனவரியில், சுமார் 350 பேரை வேலையை விட்டு நீக்கினான். எங்கே? கடையில் அல்ல, ஆபீசில்! நிபந்தனையில் எங்கே கறாராய் எழுதவில்லையோ அங்கே வெட்டினான். நிபந்தனை எழுதுகிறவர்கள் எத்தனை ஜாக்கிரதையாய் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அது கனடா, இது கீரமங்கலம் என்பீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சென்னையிலும் திருச்சியிலும் இந்த மாதிரிக் கடைகளில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார்கள்? கறிக்கோழிக் கொட்டகைக்காரர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாதா? குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டு பில்லும் ராத்திரி விழிப்பும் மாத்திரம் வளர்க்கிறவனுடையது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக் கூலி. அதை உயர்த்தச் சொல்லித்தான் பல்லடம் பக்கத்தில் பல தடவை போராடினார்கள். வறுவல் கடைக்காரன் கொட்டகைக்காரனிடம் நேராய் வாங்குவதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் மேலே இருப்பவன் நடுவிலிருப்பவனை அழுத்தினால், நடுவிலிருப்பவன் யாரை அழுத்துவான்? நீங்களே சொல்லுங்கள்.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்வதால் போட்டி கெடும் என்று போட்டி ஆணையம் முதல் பார்வையில் கருதினால், விவரத்தைப் பகிரங்கமாய்ப் போடச் சொல்லி, பாதிக்கப்படுகிறவர்களை எழுத்து மூலம் ஆட்சேபணை அனுப்பச் சொல்லலாம். அப்படி அவர்கள் கேட்கும்போது நம்மவர்கள், "பன்னீரும் கோழியும் ஒரே அடுப்பா?" என்று எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

ஆகையால் ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். 225 கோடியில் ஆள் குறைப்பால் வருவது எவ்வளவு, கோழி விலையில் பிடிப்பது எவ்வளவு, விற்பனை விலையை ஏற்றுவது எவ்வளவு. கடை, கிடங்கு, ஆபீஸ் மூன்றிலும் வேலைக்கு என்ன உறுதி என்று அதில் கேட்டிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சியில் இருக்கும். கொட்டகை வைத்திருக்கிற தோழர்கள் வளர்ப்புக் கூலிச் சீட்டின் நகலையும், கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் தகப்பனார்கள் சம்பளச் சீட்டின் நகலையும் நாளைக் காலை கொண்டுவந்து கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள். அறந்தாங்கிப் பக்கம் போகிறவர்கள் முதலில் வந்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள்; கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது.