கடன் முடிந்தது, காப்பீடு?
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் கவனியுங்கள். கடனுக்காக எடுத்த வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கடன் காலத்துக்கு மட்டும்தான். பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. கவுண்டரில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். நாமோ கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். 2004 சுனாமி, 2017 ஒக்கி இரண்டையும் பார்த்துவிட்டோம்.

2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். மனை விலையைச் சேர்க்க வேண்டாம். வீட்டைத் திரும்பக் கட்ட இன்று ஆகும் செலவுக்கு எடுங்கள்.

ஏஜென்ட் கம்பெனி சார்பானவர். புரோக்கர் நம் சார்பில் பல கம்பெனிகளை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருடம் ஒருமுறை பாலிசியை அவரிடம் காட்டுங்கள். மாடி கட்டியிருந்தாலோ, முன்பக்கம் கடைக்கு விட்டிருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். க்ளெய்ம் வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.