திரும்பிப் போகும் பாதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வன்னிக் காட்டுக்குள்ளே ஜீப்பில் திரிகிறீர்களாமே, அந்தக் கதையைச் சொல்லுங்கள்” என்று சங்கத்தினர் கேட்டார்கள். சொல்கிறோம். நாங்கள் ஐந்து பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவர் வைத்தியர்கள், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில் வேலை செய்கிறாள். ஜீப் ஓட்டுவது வங்கிக்காரி. வைத்தியர்களை நம்பி ஜீப்பைக் கொடுக்க முடியாது என்பது அவளுடைய தீர்மானம். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு புறப்படுவோம்.

ஏன் வன்னிக்கு என்று பலர் கேட்பார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து நடந்தது இங்கிருக்கும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நாங்கள் உயர்தர வகுப்பை எட்டாத பிள்ளைகள். எங்களில் இருவரின் குடும்பங்கள் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குப் போயின. முன்பின் தெரியாத ஒரு வீட்டார் தங்கள் திண்ணையையும் கிணற்றையும் மாதக்கணக்கில் பகிர்ந்து தந்தார்கள். நாங்கள் இப்போது செய்வதற்குச் சேவை என்று பெயர் வைக்க எங்களுக்கே கூச்சம். கைம்மாறு என்றால் கொஞ்சம் பொருந்தும்.

ஏ9 வீதி இன்று காப்பெற் வீதி. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு வரையும் நல்ல வீதிதான். பெருவீதியை விட்டு உள்ளே இறங்கியதும் கிறவல் பாதை, அதன் பின் மணல் தடம், அதற்கும் அப்பால் குளக்கட்டு. புவியியல் பாடத்தில் ‘உலர் வலயம்’ என்று எழுதிப் புள்ளி வாங்கினோமே, அதன் பொருள் சோளகக் காலத்தில் அங்கே போனால்தான் விளங்கும். செம்புழுதி முடியிலும் புருவத்திலும் படிந்து, ஐந்து பேரும் கிழவிகளாகித்தான் இறங்குவோம். மாரியில் அதே பாதை சேறு. குளம் வான் பாய்ந்தால் பாதைக்குக் குறுக்கே ஆறு ஓடும். எத்தனை கியர் மாற்றினாலும் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். கடைசியில் உழவு இயந்திரம் ஒன்று வந்து சங்கிலி போட்டு இழுக்கும். இழுத்துவிட்ட தம்பி பணம் வாங்கமாட்டார். “டொக்டர் அக்கா, அம்மம்மாவின்ர பிறஷரை ஒருக்காப் பாருங்கோ” என்பார். அதுதான் அவருக்குக் கூலி.

எங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கம் என்றால் வெயில் சாயும் முன்னே வெளிக்கிட வேண்டும். அதற்குப் பிறகு பாதை யானைக்குச் சொந்தம். மற்றது, பழைய சில்லுத் தடத்தை விட்டு விலகக் கூடாது. கண்ணிவெடி பல இடங்களில் அகற்றப்பட்டுவிட்டது, ஆனாலும் நாங்கள் துணிவதில்லை. ஒதுங்குவதற்குக்கூட ஊரார் காட்டிய இடத்துக்குத்தான் போவோம்.

இவ்வளவும் சாகசக் கதை. இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மேடையை ஏற்றுக்கொண்டோம்.

ஒரு கிராமத்தில் ஓர் அம்மா ஷொப்பிங் பை ஒன்றை எங்கள் மேசையில் கொட்டினார். பல முகாம்களில் கிடைத்த மாத்திரைகள். ஒரே நீரிழிவு மாத்திரை மூன்று பெயர்களில், மூன்று நிறப் பெட்டிகளில் இருந்தது. எப்படிப் பாவிக்கிறீர்கள் என்று கேட்டோம். “தலை சுத்துற அண்டைக்கு ஒண்டு போடுவன், பிள்ளை” என்றார். அவருடைய பாதம் மரத்துப்போயிருந்தது. அந்தக் காலோடுதான் செருப்பில்லாமல் வயலுக்குப் போய்வந்தார்.

முகாம் வைத்த ஒவ்வொருவரும் நல்ல மனத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் ஒரு நாளில் பார்த்து முடிக்கும் நோய்களா? மாதாமாதம் ஒரே கொப்பியில் எழுதி, ஒரே கண் பார்த்து வரவேண்டிய நோய்கள். அந்த அம்மாவின் மாத்திரை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே போய்வரும் வழிதான் அவருக்கு இல்லை. காலையில் ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் அந்த மாதமே தவறிவிடும்.

திரும்பத் திரும்பப் போவதன் பலனை மலேரியாவில் நம் நாடே கண்டிருக்கிறது. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே அந்தக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. முடிந்தது என்று நினைத்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பின்னர் யுத்த காலத்திலும் ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்த நடமாடும் பிரிவுகள் ஓயவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாமற்போய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னிக் காய்ச்சல் என்று எங்கள் பாட்டிமார் பயந்த நோய், சலிக்காமல் நடந்த கால்களால்தான் போனது.

அதனால் நாங்கள் தனியாக முகாம் வைப்பதில்லை. சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுமதி பெற்று, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் பட்டியலோடு போகிறோம். நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே எழுதுகிறோம். புதிய மருந்து தொடங்குவதில்லை. கிளினிக்குக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை என்று விசாரித்து, கிளினிக் நாளில் அவர்களை ஏற்றிச் செல்ல ஊரிலேயே ஒரு முச்சக்கர வண்டிக்கு வாடகை கொடுக்கிறோம். அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் தனியே போய்வரும் பாதையில்தான் நாங்கள் ஐந்து பேர் ஜீப்பில் போய்விட்டு அதைச் சாகசம் என்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜீப் ஓட்டத்தால் வந்த உண்மையான பயன் இன்னொன்று. எந்தப் பாதை எந்த மாதம் மூடும், எந்தப் பாலத்தில் பெரிய வாகனம் ஏறாது என்று வங்கிக்காரி ஒரு கொப்பியில் குறித்து வருகிறாள். 1990 அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. ஆனால் அழைப்பவருக்கு இடம் சொல்லத் தெரிய வேண்டும். வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் எது என்றும் தெரிய வேண்டும். கட்டுவிரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடிவாய் தெரியாது, நோவும் இராது. விடியும்போது கண்ணிமை சோர்ந்து, மூச்சு இழுக்கத் தொடங்கும். விஷமுறிவு மருந்தை ஜீப்பில் கொண்டுபோய்க் குடிசையில் ஏற்ற முடியாது. அதை வைத்தியசாலையில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் மூன்று விடயங்களை எழுதி ஒட்டிவிட்டு வருகிறோம்: அம்புலன்ஸ் எந்தச் சந்திவரை வரும், அதுவரை ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரம் யாரிடம் உண்டு, அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன.

இனி எங்கள் வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டு வன்னியில் மாபெரும் மருத்துவ முகாம் ஒன்று நடத்தலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அந்தப் பணத்தை மாதங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு கிராமத்தை எடுக்கட்டும். மூன்று வருடம் கைவிடாமல் வைத்திருக்கட்டும். முச்சக்கர வண்டி வாடகை, சீனி பார்க்கும் ஸ்ரிப், மரத்துப்போன பாதங்களுக்கு நல்ல செருப்பு: இவைதான் செலவு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் தோழிகளுக்குப் புகைப்படமோ பதாகையோ வராது. “இந்த மாதம் இத்தனை பேர் கிளினிக் போனார்கள்” என்று ஒரு வரி வரும்.

ஆடி, ஆவணி விடுமுறையில் வருபவர்கள் ஜீப்பில் ஏறலாம். பின்சீற்றில் இடம் உண்டு, புழுதிக்கு ஒரு சால்வை கொண்டுவாருங்கள். ஆனால் மார்கழிச் சேற்றில் வருவதற்குத்தான் எங்களுக்கு ஆள் தேவை. அந்தச் சங்கிலியைப் பிடிக்க இன்னும் சில கைகள் வேண்டும், தங்கைமாரே.