ஜீனோ நூல்கள்: எதை முதலில் படிப்பது?



புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் 1925இல் பிறந்தவர் வாண்டுமாமா. மாயாஜாலக் கதைகளையும் அறிவியல் செய்திகளையும் ஒருசேர எழுதித் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்க்கு வாசிப்புச் சுவையூட்டியவர், 2014இல் மறைந்தார். அவரைப் படித்து வளர்ந்த பிள்ளை அடுத்து எந்நூலை நாடுவது? வியப்பும் வேண்டும், சிரிப்பும் வேண்டும், சிந்தனையும் வேண்டும். அதற்கு விடையாகச் சுஜாதாவின் மூன்று நூல்களை வரிசைப்படுத்துவதே இவ்வுரையின் நோக்கம்.

நகைச்சுவை கலந்தால் அறிவியல் நீர்த்துவிடும் என்பார் உளர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சுட்டினார். இவ்வளவுகோலே இங்குப் போதுமானது.

முதலிடம், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வுக்கு உரியது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயர்களும் இரண்டெழுத்தில் அடங்கிவிட்டன. மனிதர் பேச அஞ்சும் அந்நாட்டில், ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி அஞ்சாது பேசுகிறது. அதன் எள்ளல் வெறும் வேடிக்கையன்று. அச்சத்துக்கு அளிக்கும் மறுமொழி. ஜீவா யார் என்பதை இங்கே சொல்லிவிடுதல் முறையன்று.

இரண்டாமிடம் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வுக்கு. ஜீனோவை மட்டுமே நேசிப்போர் இதனை முதலில் வைப்பர். அதில் நியாயமும் உண்டு, ஏனெனில் நாய்க்குட்டி இங்கே முழுமையான கதைத்தலைவனாகிறது. ஆயினும் அதன் வெற்றிகள் பெருகப் பெருக ஆபத்தின் கூர்மை மழுங்குகிறது. முன்னதைப் படியாதவர்க்கு இது பாதிச் சுவையே தரும்.

மூன்றாமிடம் ஜீனோவுக்கு முந்தைய 'சொர்க்கத் தீவு'க்கு. அய்யங்கார் என்னும் கம்ப்யூட்டர் பொறியாளர் ஒரு தீவுக்குக் கடத்தப்படுகிறார். அங்கே துன்பமில்லை, தனி விருப்பமும் இல்லை. ஜீனோ தொடரில் சேராவிடினும், அத்தொடரின் வினாவுக்கு இதுவே விதை. சற்று வளர்ந்த வாசகர்க்கு ஏற்றது.

'இயந்திரா' நிகழ்வதாகக் காட்டிய 2020களின் தொடக்கம் இன்று கடந்துபோன காலம். அதில் எவை பலித்தன, எவை பொய்த்தன என்று கணக்கிடுவோர் உளர். அது சோதிட நூலுக்குரிய அளவுகோல், கதைக்குரியதன்று. நலம் அனைத்தையும் தருகிறேன், உரிமையைக் கொடு என்று கேட்கும் அரசுக்கு மனிதன் என்ன விடை சொல்வான்? இவ்வினா காலாவதியாகவில்லை. அதனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே கேட்குமாறு செய்தது ஒரு பொம்மை நாய். அப்பிள்ளையின் கையில் முதலில் வைக்க வேண்டிய நூல் எது என்பதில் இனி ஐயமில்லை.