ரீச்சரும் சேரும் கண்ட கடல்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



'முதுமையில் ஆரோக்கியம்' பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நடவுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினால் பத்து நிமிடத்தில் என் வேலை முடிந்துவிடும். நீங்களும் வெளியே ஆறிக்கொண்டிருக்கும் வடையிடம் போய்விடலாம். ஆனால் நான் ஒரு தம்பதியின் கப்பல் பயணங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த அம்மையார் எமக்கு உயர்தர வகுப்பில் விலங்கியல் படிப்பித்தவர். இங்கே இருக்கும் பலர் அவர் முன்னால் நடுங்கும் கையோடு தேரை வெட்டியவர்கள். "கதையைச் சொல்லு பிள்ளை, பெயரைச் சொல்லாதை" என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே அவர் ரீச்சர். அவர் கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்களுக்கு அவர் சேர்.

எங்கள் தலைமுறைக்குக் கப்பல் என்றவுடன் நினைவுக்கு வருவது உல்லாசம் அல்ல. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு 2002 இல் பாதை திறக்கும்வரை, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் பலருக்கும் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல்தான். பாஸ் எடுக்க ஒரு வரிசை, பெயர் பதிய ஒரு வரிசை, பையைக் கொட்டிக் காட்ட இன்னொரு வரிசை. ரீச்சரும் சேரும் முதன்முதல் ஒன்றாகக் கப்பலேறியது அப்படித்தான். சத்தியெடுக்க ஆளுக்கொரு பொலித்தீன் பையோடு, இரவு முழுவதும் தட்டில் குந்தியிருந்து போனார்கள். "அண்டைக்கும் நல்ல நிலவுதான். ஒருத்தரும் அண்ணாந்து பாக்கேல்லை" என்று ரீச்சர் ஒருமுறை சொன்னார்.

பிறகு எல்லார் வீட்டுக் கதைதான். மூன்று பிள்ளைகள், ரொறன்ரோ, லண்டன், மெல்பேண். இருவரும் ஓய்வுபெற்று ரொறன்ரோ மகளிடம் போனார்கள். போன நாளிலிருந்து பேரப்பிள்ளை பார்க்கும் உத்தியோகம். லண்டனில் பிள்ளை பிறந்தால் ஆறு மாதம் லண்டன், மெல்பேணில் பிறந்தால் ஆறு மாதம் மெல்பேண். சில வேளைகளில் ஒருவர் ஒரு வீட்டிலும் மற்றவர் இன்னொரு வீட்டிலுமாக. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை; அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனதே இவர்களால்தான். ஆனால் இங்கிலாந்தில் முதியோர் வைத்தியத்துறையில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன்: எங்கள் சமூகத்தில் ஓய்வூதியம் உண்டு, ஓய்வு கிடையாது.

கடைசிப் பேரனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, 2015 இல், வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரப் பயணம். பிள்ளைகள் மூவரும் சேர்ந்து கொடுத்த பரிசு. அங்கே கிளேசியர் பே என்றொரு குடா. நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. 1794 இல் ஆங்கிலேயக் கடற்படையினர் போனபோது குடாவின் வாயிலையே பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்ததாம். அது இன்று ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உள்ளே பின்வாங்கிவிட்டது. பனிச்சுவர் உடைந்து விழும்போது இடி இடிப்பதுபோல் சத்தம் வரும் என்று எல்லோருக்கும் சொல்லி மகிழ்ந்த ரீச்சர், எனக்கு மட்டும் வேறொன்று சொன்னார். காலையில் எழும்பினால் யாருக்கும் சாப்பாடு கட்டத் தேவையில்லை. அறையில் இவர்கள் இருவர் மட்டும். கதவைப் பூட்டினால் யாரும் தட்டுவதில்லை. "பிள்ளை, கலியாணம் கட்டி நாப்பது வருசத்துக்குப் பிறகு எங்களுக்கெண்டு ஒரு அறை."

2017 இல் பனாமாக் கால்வாய். இதைப்பற்றிச் சேர் பேசத் தொடங்கினால் யாராவது வந்து நிறுத்தவேண்டும். கால்வாய் என்றால் கடலையும் கடலையும் வெட்டி இணைத்தது என்றுதான் நாங்கள் நினைப்போம். சுயெஸ் அப்படித்தான். பனாமா அப்படியல்ல. சாக்ரெஸ் ஆற்றை மறித்துக் கட்டிய கற்றூன் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கப்பலைப் படிப்படியாகத் தண்ணீரால் உயர்த்தி ஏரியில் விட்டு, மறுகரையில் இறக்குகிறார்கள். பம்பு கிடையாது, மேலேயுள்ள தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே வந்து தொட்டிகளை நிரப்புகிறது. ஒரு கப்பல் போய்முடிய ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் கடலுக்குப் போகிறது. வன்னிக் குளங்களில் வான் பாய்வதையும் வாய்க்கால் காய்வதையும் பார்த்துத் தலை நரைத்த மனிதர், கம்பியைப் பிடித்தபடி காலையிலிருந்து மாலைவரை சாப்பிடாமல் நின்றாராம். "இது கால்வாய் இல்லையப்பா, குளம். மழை பொய்ச்சால் கப்பல் நிக்கும்" என்றார். 2023 இல் வறட்சியால் அங்கே கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது, அந்தச் செய்தியை எனக்கு முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும் அவர்தான்.

ரீச்சருக்கு அங்கே நினைவு வந்தது நுளம்பு. 1881 இல் தொடங்கிய பிரெஞ்சுக்காரரின் முயற்சி தோற்றதற்கு மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் பெரிய காரணம்; அவர்கள் காலத்தில் 20,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சட்டிகளுக்குள் வைத்திருந்தார்கள். நுளம்பு பெருகியது அந்தச் சட்டிகளிலேதான். எங்களுக்கு வகுப்பில் இதைச் சொல்லித் தந்தது ரீச்சர். அந்த இடத்தைக் கடக்கும்போது பக்கத்தில் நின்ற அமெரிக்கக் கிழவருக்கும் ஒரு பாடம் எடுத்திருக்கிறார்.

2020 சித்திரையில் ஒரு பயணத்துக்குக் காசு கட்டியிருந்தார்கள். மாசி மாதம் யொகொஹாமாவில் தடுத்து வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்செஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் உலகக் கப்பல்களெல்லாம் நின்றுபோயின. அந்த இடைவெளியில் சேருக்கு இருதயம் பலவீனமானது. இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்து, காலில் நீர் கோத்து, நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும் நிலை. மருந்தால் தேறினார். அவருக்கு அப்போது எழுபத்தாறு.

2023 இல் மெல்பேண் பேத்தியின் அரங்கேற்றம் வந்தது. இருவரும் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹவாய், தஹிற்றி, நியூசிலாந்து வழியாகச் சிட்னிவரை கப்பலில் போவதாக முடிவெடுத்தார்கள். நாலு கிழமைப் பயணம். குடும்ப வாட்ஸ்அப்பில் போர் மூண்டது. மூத்த மகன் எனக்கு அழைத்து, "அக்கா, நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா, போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். பிறகு ரீச்சரும் அழைத்தார். அவர் கேட்டது வேறு: "போகலாமோ எண்டு கேக்கேல்லை. போறதெண்டால் என்னென்ன கொண்டுபோகவேணும்?"

சகோதரிகளே, இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில்தான் என் தொழிலே நடக்கிறது. 'வேண்டாம்' என்பது வைத்தியருக்கு மிக இலகுவான சொல். சொன்னால் எங்கள் தலையில் பழி விழாது. நான் சேரின் இருதய வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன். மூன்று மாதமாக நிலைமை மாறாமல் இருக்கிறது, போகலாம் என்றார். அதன்பிறகு நான் சொன்னவற்றை, உங்களில் பலருக்கும் உதவும் என்பதால், இங்கே சொல்கிறேன்.

கப்பலில் வைத்தியர் உண்டு, தாதியர் உண்டு, ஈசிஜி உண்டு, எக்ஸ்ரே உண்டு, மூச்சு இயந்திரமும் உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை, இரத்த வங்கி இல்லை. நடுக்கடலில் ஹெலிகொப்டர் வரும் என்று நம்பவேண்டாம். கரையிலிருந்து சில நூறு கிலோமீற்றருக்கு அப்பால் அது எட்டாது. பெரிய கப்பல்களில் பிரேத அறையும் உண்டு. சிரிக்காதீர்கள், முதியவர்கள் பயணம் செய்யும் இடம். நீங்கள் வாழும் நாட்டின் இலவச வைத்தியம் அங்கே பெரும்பாலும் செல்லாது. செலவை அறைக் கணக்கில் ஏற்றுவார்கள், நீங்கள்தான் பிறகு காப்புறுதியிடம் கேட்டு வாங்கவேண்டும். அந்தக் காப்புறுதி எடுக்கும்போது ஒரு வியாதியையும் மறைக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்குப் பிறசரையும் சலரோகத்தையும் வியாதியாகவே எண்ணும் பழக்கமில்லை. மருந்துகளைக் கைப்பையில், இரண்டு கிழமைக்கு மேலதிகமாக. கடல் நோய்க்கென்று விற்கும் குளிசைகள் பல முதியவர்களைத் தடுமாற வைக்கும், ஆண்களுக்குச் சலத்தை மறிக்கும், கேட்காமல் விழுங்கவேண்டாம். ஆட்டம் குறைந்த இடம் கீழ்த்தட்டின் நடுப்பகுதி அறை. வயிற்றோட்டக் கிருமியான நொரோவைரஸை வாசலில் வைத்திருக்கும் கைத்திரவம் நன்றாகக் கொல்லாது, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இருதயம் பலவீனமானவர்கள் தினமும் காலையில் நிறை பார்க்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, தண்ணீர்.

ஹொனொலூலுவிலிருந்து புறப்பட்ட மூன்றாம் நாள் அதுதான் நடந்தது. கப்பல் சாப்பாட்டில் உப்பு அதிகம், சேருக்குச் சூப்பில் ஆசை அதிகம். நிறை இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. அன்றிரவு மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய ஆஸ்பத்திரி இரண்டு நாள் தூரம். கப்பல் வைத்தியர் ஒரு தென்னாபிரிக்கப் பெண்; ஒட்சிசன் கொடுத்து, நீரிறக்கும் மருந்தை ஊசியால் ஏற்றி, இரண்டு இரவு பக்கத்திலேயே வைத்திருந்தார். தஹிற்றி வருவதற்குள் சேர் எழுந்து நடந்தார். அங்கே இறங்கிப் பரிசோதித்தபோது, தொடரலாம், இறங்கவும் செய்யலாம் என்றார்கள்.

எனக்கு இங்கிலாந்தில் விடிய மூன்று மணி. ஒரு அழைப்பில் மகன், உடனே இறக்கி விமானத்தில் அனுப்பவேண்டும் என்கிறார். கோபத்தில் குரல் நடுங்கியது. பயந்த பிள்ளையின் கோபம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாகலாம், நுவரெலியாவைவிட உயரம், இரண்டு நாளுக்கு முன் மூச்சு முட்டியவருக்கு அது நல்லதல்ல என்று அவருக்குச் சொன்னேன். கப்பல் கடல் மட்டத்திலேயே போகிறது என்றும் சொன்னேன். மற்ற அழைப்பில் சேரிடம், திரும்பவும் இப்படி வரலாம், அடுத்த முறை கப்பல் மருந்து போதாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிச் சூப் குடிக்கமாட்டன்" என்றார். அதுதான் அவருடைய பதில். மகன் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

சர்வதேசத் திகதிக்கோட்டை மேற்கு நோக்கிக் கடக்கும்போது நாட்காட்டியில் ஒரு நாள் காணாமற் போகும். இவர்களுக்குப் போனது செவ்வாய்க்கிழமை. மருந்துப் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக் குளிசைகள் மிஞ்சிக் கிடக்க, ரீச்சர் பதறியடித்து எனக்கு எழுதினார். உடம்புக்குக் கிழமை தெரியாது ரீச்சர், மணித்தியாலம்தான் தெரியும், அதை அப்படியே விடுங்கள் என்று பதில் போட்டேன். விலங்கியல் ரீச்சருக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்.

அரங்கேற்றத்தில் முன்வரிசையில் இருந்தார் சேர். மகனும் அவர் பக்கத்தில்தான் இருந்தார், படம் பார்த்தேன். பதினான்கு மாதங்களின் பின் ரொறன்ரோவில், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், எல்லா நிபுணர்களும் எல்லா இயந்திரங்களும் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவர் காலமானார்.

அந்த 2023 ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கு வந்தது. அந்தப் படத்தை ரீச்சருக்கு அனுப்பினேன். "வரிசை கிடக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

இறுதியாக ஒரு அறிவித்தல். அடுத்த வைகாசியில் சவுதாம்ரனிலிருந்து நோர்வேக் கடனீரேரிகளுக்குப் போக ரீச்சர் விரும்புகிறார். கப்பலில் அறை விலை இருவருக்கென்று கணக்கிடப்படுவதால், தனியே போகிறவர் ஏறத்தாழ இரட்டிப்புக் காசு கட்டவேண்டும். இது விதவைகளுக்குப் போடும் அபராதம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே அவருக்கு ஒரு அறைத்தோழி தேவை. பழைய மாணவியாக இருக்கவேண்டும், குறட்டை விடக்கூடாது, விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கச் சம்மதிக்கவேண்டும். விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் தரலாம்.