பல்லாவரக் கல்லும் குருந்தக் கல்லும்



சென்னையிலிருந்து தாம்பரம் செல்வோர் பரங்கிமலையையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் நாள்தோறும் கடக்கின்றனர். அக்குன்றுகளின் கல் உலக நிலவியல் நூல்களிலெல்லாம் இடம்பெற்ற கல். ஆயின், அங்கே அதற்கு வழங்கும் பெயர் 'சார்னோக்கைட்டு' என்பதாகும். அப்பெயருக்குரியவர் கல்லை ஆய்ந்தவருமல்லர், இம்மண்ணிற் பிறந்தவருமல்லர். 1690-இல் ஊக்ளி ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் குடியிருப்பை நாட்டிய யோபு சார்னோக்கு என்னும் வணிகர் அவர். அவர் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் கொண்டுபோகப்பட்டது. கல்கத்தாவில் அதனை ஆய்ந்த தாமசு ஓலாந்து, 1893-இல் கல்லறைக்குரியவர் பெயரையே கல்லுக்கும் இட்டார். 1900-இல் இவ்வினப் பாறைகளைப் பற்றி விரிநூலும் எழுதினார். அவர் ஆய்வின் அருமையை எவரும் மறுக்கவில்லை. கல் பிறந்த ஊரின் பெயர் ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதே வினா.

இக்கல்லைச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்பவர்க்கு வியப்புக் காத்திருக்கிறது. வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பழுப்பு. புதிதாக உடைந்த முகமோ நீலங்கலந்த கரும்பசுமை, எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பு. 250 கோடி ஆண்டுகட்கு முன், நிலத்தினடியில் 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பசை வற்றிய சூழலில் உருவான கல் இது. மேலிருந்த பாறையெல்லாம் ஊழியூழியாகத் தேய்ந்து போனமையாலேயே இன்று நம் காலடியில் கிடக்கிறது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் நீலமலையும் பெரும்பாலும் இவ்வினப் பாறைகளே.

ஓலாந்து இதனை அழற்குழம்பு உறைந்த பாறையென்றே கொண்டார். கருநாடகத்துக் கப்பால்துர்க்கத்தில், சாம்பல் நிற வரிப்பாறை ஆங்காங்கே வெடிப்புகளையொட்டிக் கரும்பசுங் கல்லாக மாறிவரும் நிலையைப் பிச்சமுத்து 1960-இல் எடுத்துக்காட்டினார். ஒரே பாறை, பாதி பழையது, பாதி புதியது! வெடிப்பின் வழியே ஊடுருவிய கரிவளி நீரை விரட்டியமையே கரணியம் எனப் பின்னர் வந்தோர் விளக்கினர். அழலிற் பிறந்ததும் உண்டு, உருமாறிப் பிறந்ததும் உண்டு என்பது இன்றைய தெளிவு.

இனி, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு வருவோம். அங்குள்ள வெண்ணிறப் பழம்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. ஆதலின், 2019-இல் ஏவப்பெற்ற சந்திரயான்-2 இறங்குகலத்தின் ஆய்வுக்கு அப்பகுதிக் கல்லைப் பொடித்தே நிலவு மண் செய்தனர். அப்பாறையில் விளைவது குருந்தக் கல். வயிரத்துக்கு அடுத்த கடினம் உடையது. மாணிக்கமும் நீலமும் அதன் தூய வகைகளே. மேலையார் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்பது குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபேயென அவர்தம் அகராதிகளே ஒப்புகின்றன. கல்லொடு சொல்லும் கப்பலேறிற்று. இதனைத் தமிழ் மாணவன் 'கொரண்டம்' என்றே நெட்டுருச் செய்கிறான் என்பது எத்துணை இழிவு!

தமிழர்க்குக் கல்லறிவு இல்லாமலா போயிற்று? தட்டிய ஓசை கொண்டே ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பிரித்தவர் நம் கற்றச்சர். அவர்தம் சொற்களைத் தொகுப்பாரில்லை. கல்லை அகழ்ந்து விற்பாரோ பலர். மதுரை மேலூர்ப் பகுதியில் நிகழ்ந்த கல்லகழ்வு முறைகேடுகள் 2012-இல் நாடறிய வெளிப்பட்டன. திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் குன்றிருந்த இடங்கள் சில நீர் தேங்கிய பள்ளங்களாயின.

பரங்கிமலைப் பாறை நாட்டின் நிலவியல் நினைவிடங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றுள்ளது. வேற்று நாட்டார் தம் நூல்களில் சார்னோக்கு பெயரை வைத்துக்கொள்ளட்டும். தமிழ்ப் பாடநூல்களிலும் கல்லூரி வகுப்புகளிலும் 'பல்லாவரக் கல்' என்றெழுதவும், 'கொரண்டம்' என்பதை நீக்கிக் 'குருந்தம்' என்று வழங்கவும் எவருடைய இசைவும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள் அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம்.