அசோகும் நெட்டிலிங்கமும்



மாதவிடாயில் குருதி மிகுந்தால் அசோகப் பட்டைக் கஷாயம் அருந்துவது நம் மரபு. ஆனால், வீதியோரத்தில் ஈட்டிபோல் உயர்ந்து நிற்பதை ‘அசோகா’ என்கிறோமே, அது நெட்டிலிங்கம்! மருத்துவ நூல்கள் கூறும் அசோகு வேறு. அதன் சிற்றிலைகள் இணையிணையாய் அமைந்திருக்கும். பூங்கொத்து செம்மஞ்சள் நிறம். நெட்டிலிங்கத்திற்கோ விளிம்பு நெளிந்த தனியிலை, பசுமை படர்ந்த பூ. மரத்தைக் கண்டால் குழந்தையும் பிரித்துச் சொல்லும். தாயகத்திலிருந்து கப்பலேறி அந்தமானுக்குப் பொட்டலமாய் வரும் பட்டைக்கு இலையேது, பூவேது? அசோகு அருகிவருவதால் கலப்படமும் நடக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே மருந்து பெறுங்கள்.

மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும், கஷாயம் காய்ச்ச அமராதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என் சிற்றன்னையார் ஆறு திங்கள் கஷாயம் குடித்துக் காத்திருந்தார். கருப்பைப் புற்றென்று பின்னரே தெரிந்தது.